85 வயதில் அரியலூர் நாட்களை எழுதிய உ.வே.சா: காபிக்கும் முதுமை ஞாபகத்துக்கும் என்ன தொடர்பு?

சென்னையில் இருந்து திருச்சிக்கு பஸ்ஸிலோ காரிலோ போயிருந்தால் கவனித்திருப்பீர்கள். பெரம்பலூர் நெருங்க நெருங்க, சாலை ஓரம் எல்லாம் கும்பகோணம் டிகிரி காபி என்ற போர்டுதான். பித்தளை டவரா, நுரை ததும்பும் டம்ளர், பக்கத்தில் முறுக்கு பாக்கெட். இந்த ஊர்களுக்கும் காபிக்கும் ஏதோ ஆயிரம் வருஷப் பழக்கம் என்றுதான் தோன்றும்.

ஆனால் 1860களில் இதே பகுதியில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போன ஒரு பையனுக்குக் காபி என்றால் என்னவென்றே தெரியாது. காலையில் பழையதும் நீராகாரமும்தான். அந்தப் பையன் 70 வருஷம் கழித்து, 85 வயதை நெருங்கும்போது, இங்கே யாரிடம் என்ன படித்தோம், எந்த ஊரில் யார் சோறு போட்டார்கள் என்பதையெல்லாம் வாரா வாரம் ஒரு பத்திரிகையில் சொன்னார். அவர்தான் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர்.

இப்போது ஏன் இந்தக் கதை? எங்க அப்பாயிதான் காரணம்.

குன்னம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்காங்க. 78 வயசு. தினமும் 4 கப் காபி குடித்தால் வயதானவர்களுக்கு மறதி வராது, மனச்சோர்வும் வராது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியை எங்க பெரியப்பா படித்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து இரவு 7 மணிக்கும் ஒரு டம்ளர். ராத்திரி தூக்கம் போச்சு. இன்னொரு பக்கம், காபி நரம்பைக் கெடுக்கும் என்று வேறொரு செய்தியைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டில் ஒரு தாத்தாவுக்கு ஒரே நாளில் காபியை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் தலைவலி, யார் பேசினாலும் எரிச்சல். இரண்டு வீட்டிலும் நோக்கம் நல்லதுதான். நடந்ததுதான் சரியில்லை.

அப்பாயி ஊர்ப்பெயரைச் சொன்னதும்தான் எனக்கு உ.வே.சா. ஞாபகம் வந்தார். பி.ஏ. தமிழில் அவரைத் தேர்வுக்காகப் படித்தோம். பதிப்பித்த நூல்கள், வருடங்கள், இரண்டு மார்க் கேள்வி. குன்னம் என்ற பெயர் அவர் வாழ்க்கையில் இவ்வளவு முக்கியமானது என்று அப்போது கவனிக்கவே இல்லை.

அரியிலூரில் தொடங்கிய தமிழ்

1855 பிப்ரவரி 19ஆம் தேதி, கும்பகோணம் பக்கத்தில் சூரியமூலை என்ற ஊரில், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் பிறந்தார். சொந்த ஊர் பாபநாசம் அருகே உத்தமதானபுரம். பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் கூப்பிட்டது சாமிநாதன். பின்னாளில் அந்தப் பெயரே நிலைத்தது.

அப்பா வேங்கடசுப்பையர் இசைக்கலைஞர். உடையார்பாளையம் ஜமீன் ஆதரவில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் பாட்டுக் கற்றவர். இராமாயணக் கதையைப் பாட்டோடு சொல்வார். மாதச் சம்பளம் கிடையாது. எந்த ஊரில் கதை கேட்க ஆள் இருக்கிறதோ, எந்த ஜமீன் ஆதரிக்கிறதோ, அங்கே குடும்பம் நகரும். அப்படித்தான் அரியலூர் வந்தார்கள். உ.வே.சா. அதை அரியிலூர் என்றே எழுதுவார். இன்றைக்கு அரியலூர், பெரம்பலூர் என இரண்டு மாவட்டங்கள். அன்றைக்கு எல்லாமே திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஊர்கள்தான்.

அரியலூரில் சடகோபையங்கார் என்று ஒரு புலவர் இருந்தார். வசதி இல்லாதவர். ஆனால் பாட்டுக்குப் பொருள் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் எழுந்து போக முடியாது. பையன் இசைக்கலைஞன் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. சடகோபையங்காரிடம் உட்கார்ந்த பிறகு பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம் பிடித்துவிட்டது.

அரியலூர் ஜமீன் நொடித்துப்போக, குடும்பம் குன்னத்துக்கு நகர்ந்தது. இன்று பெரம்பலூர் மாவட்டத்தின் ஒரு வட்டத் தலைநகர் அது. அங்கே சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற்புராணம். பிறகு கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல். பிறகு செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. பெரம்பலூர் பக்கத்தில் இருக்கும் இன்றைய செங்குணம்தான் அந்தச் செங்கணம்.

கவனியுங்கள், பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லை. ஒரு ஊரில் ஒருவருக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு படிப்பது, அது தீர்ந்ததும் அடுத்த ஊர். அச்சுப் புத்தகம் அரிது. ஏட்டைப் பார்த்துப் படி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டும். நடுவில் அப்பாவின் கதைக்காக ஊர்க்காரர்கள் தானியம் கொடுப்பார்கள், வீடு கொடுப்பார்கள். அதில்தான் குடும்பம் ஓடியது.

இனி தன்னிடம் இல்லை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போ என்று வழி காட்டியவர் ரெட்டியார். 1871இல் மாயவரத்தில் அவரிடம் சேர்ந்தபோது உ.வே.சா.வுக்கு 16 வயது. அதாவது அவருடைய மூளையில் தமிழ் ஏறிய முக்கியமான வருஷங்களில் பெரும்பகுதி, இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்ட எல்லைக்குள் கழிந்தது. ஒரு சொட்டுக் காபி இல்லாமல்.

நடுவயதில் வந்த காபி

அடுத்த முப்பது வருடங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1876இல் ஆசிரியர் மறைவு. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை. அதே வருடம் அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப், நீங்கள் படித்ததெல்லாம் சரி, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். அதில் ஆரம்பித்ததுதான். 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அச்சில் வந்தன.

இந்த வேலையை வெறும் சுவடி தேடல் என்று நினைத்துவிடக் கூடாது. ஓர் ஏட்டில் ஒரு பாடம், இன்னொன்றில் வேறு பாடம். உரையாசிரியர் ஒரு வரியை மேற்கோள் காட்டிவிட்டு எந்த நூல் என்று சொல்லாமல் போயிருப்பார். தேடுபொறி இல்லாத காலம். பழைய வாசிப்பு எல்லாம் தலைக்குள் தயாராக இருந்தால்தான் நடக்கும்.

இந்தக் காலகட்டத்தில்தான் காபி தமிழ் வீடுகளுக்குள் வந்தது. ஏற்காட்டிலும் நீலகிரியிலும் குடகிலும் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பயிரிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்து நடுத்தர வர்க்க வீடுகளில், குறிப்பாகப் பிராமண வீடுகளில், காலைப் பழையதின் இடத்தைக் காபி பிடித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் காபி கிளப். இதென்ன கெட்ட பழக்கம், நீராகாரத்தை விட்டுவிட்டோமே என்று அந்தக் காலப் பத்திரிகைகள் புலம்பின. வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அவர் புத்தகத்தின் பெயரே அந்தக் காலத்தில் காப்பி இல்லை.

100 வருடம் முன்பு காபி குடித்தால் கெட்டுப்போவாய் என்றார்கள். இன்று காபி குடித்தால் மறதி வராது என்கிறார்கள். இரண்டும் ஒரே டம்ளரைப் பற்றித்தான்.

ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன?

அந்த வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

2009இல் பின்லாந்தில் இருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. 1,409 பேரை சராசரியாக 21 வருடம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். நடுவயதில் தினமும் 3 முதல் 5 கப் காபி குடித்தவர்களுக்கு, குறைவாகக் குடித்தவர்களைவிட டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வாய்ப்பு 65 சதவீதம் குறைவாக இருந்தது. செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டது இந்த 65ஐத்தான். ஆனால் அந்த ஆய்வில் மறதிநோய் வந்தவர்கள் மொத்தமே 61 பேர். அதைவிட முக்கியம், அது நடுவயதில் குடித்த காபியின் கணக்கு. 78 வயதில் புதிதாக ஒரு டம்ளர் கூட்டினால் என்ன ஆகும் என்று அது சொல்லவில்லை.

மனநிலை பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் சராசரி வயது 63 உள்ள 50,739 செவிலியப் பெண்களை 10 வருடம் கவனித்து 2011இல் வெளியிட்டார்கள். தினமும் 2 முதல் 3 கப் குடித்தவர்களுக்கு மனச்சோர்வு வாய்ப்பு 15 சதவீதம் குறைவு. 4 கப் அல்லது அதற்கு மேல் குடித்தவர்களுக்கு 20 சதவீதம் குறைவு.

அப்போ நிறைய குடித்தால் நிறைய நல்லதா? இல்லீங்க. பிரிட்டனின் பெரிய மருத்துவத் தரவுத்தொகுப்பை வைத்து 2021இல் வந்த ஆய்வில், 6 கப்புக்கு மேல் குடித்தவர்களுக்கு, ஒன்றிரண்டு கப் குடித்தவர்களைவிட மறதிநோய் வாய்ப்பு 53 சதவீதம் அதிகமாக இருந்தது.

இவை எல்லாமே கவனித்துப் பார்த்த ஆய்வுகள். காபி கொடுத்துச் சோதித்தவை அல்ல. காபி குடிப்பவர் நன்றாக இருக்கிறார் என்பது வேறு, காபியால் நன்றாக இருக்கிறார் என்பது வேறு. நாலு பேரோடு டீக்கடையில் உட்காரத் தெம்பு உள்ளவர்தான் காபியும் குடிக்கிறார். மூளை மந்தமாகத் தொடங்கியவர், நோய் வெளியே தெரியும் முன்பே பழைய பழக்கங்களைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். எது முன்னால், எது பின்னால் என்று பிரிப்பது கஷ்டம்.

காபி உடனடியாகச் செய்வது என்ன என்பது தெளிவாகவே தெரியும். நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும். அது தூக்கத்தைக் கூப்பிடும். கஃபீன் போய் அந்த அடினோசின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் சுறுசுறுப்பு, கவனம், கொஞ்சம் உற்சாகம். குடித்த கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். அப்பாயி 7 மணிக்குக் குடித்த காபியில் பாதி, நள்ளிரவு 12 மணிக்கும் உள்ளேதான் இருந்திருக்கும். வயதானவர்களுக்கு ஏற்கெனவே தூக்கம் லேசானது. தூக்கம் கெட்டால் அடுத்த நாள் மறதியும் எரிச்சலும் கூடும். மறதிக்கு மருந்தாகக் கொடுத்தது மறதியைத்தான் கூட்டியது.

அந்தத் தாத்தாவுக்கு நடந்ததற்கும் காரணம் இருக்கிறது. பல வருடம் பழகிய கஃபீனை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி, சோர்வு, எரிச்சல் வரும். குறைப்பதானால் டிகாக்‌ஷனைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஐ.சி.எம்.ஆரின் கீழ் இயங்கும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்குக் கஃபீன் 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 வரை இருக்கும். ஸ்ட்ராங்காகப் போட்டால் மூன்று டம்ளரிலேயே எல்லை தொட்டுவிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்றும் சொல்கிறது. சுக்கு மல்லிக் காபி குடிப்பவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். அதில் காபியே இல்லை!

ஆனால் நம்ம ஊர் டம்ளரில் கஃபீனைவிடக் கவலைப்பட வேண்டியது சர்க்கரை. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 4 டம்ளருக்கு 8 ஸ்பூன். உலக அளவில் மறதிநோயை ஆராய்ந்த லான்செட் குழு 2024இல், நாம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், காது கேளாமை, பார்வைக் குறைவு, மனச்சோர்வு, உடல் உழைப்பின்மை, தனிமை, இளவயதில் கல்வி கிடைக்காதது எல்லாம் அதில் இருக்கின்றன. இந்த 14ஐயும் சரிசெய்தால் உலகின் மறதிநோயில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. காபி குடிக்காதது என்று ஒரு காரணி அந்தப் பட்டியலில் இல்லை.

82 வயதில் குறுந்தொகை

மறுபடி உ.வே.சா.விடம் வருவோம். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1919இல் ஓய்வு. அப்போது 64 வயது. பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். 1924இல் கிளம்பிப் போய் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவர் ஆனார். மூன்று வருடம் இருந்துவிட்டுச் சென்னை திரும்பினார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அடுத்த இரண்டு வருடத்தில், இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்ட தன் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக முடித்தார். 1937இல் குறுந்தொகையைத் தன் உரையோடு வெளியிட்டபோது அவருக்கு 82 வயது.

இந்தக் குறுந்தொகைதான் என் கணக்கில் முக்கியமான சாட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

வயதானவர்களுக்குப் பத்து வயதில் இருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் அதிகம் ஞாபகம் இருக்கும். இது எல்லோருக்கும் பொது. மறதிநோய் தொடங்கியவர்களுக்குக்கூடக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பது நினைவிருக்கும், காலையில் சாப்பிட்டது மறந்திருக்கும். அதனால்தான் நம் வீடுகளில் ஏமாந்துபோகிறோம். ஐம்பது வருஷக் கதையைச் சொல்கிறாரே, தாத்தாவுக்கு என்ன மறதி என்று விட்டுவிடுகிறோம். பழைய கதை சொல்ல முடிகிறது என்பது மட்டும் மூளை நலத்துக்கு அத்தாட்சி ஆகாது. சமைத்துக்கொண்டிருந்த குழம்பை மறப்பது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது, அரை மணி நேரத்தில் அதே கேள்வியை நாலு முறை கேட்பது, இதுதான் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான கணிப்பு சொல்கிறது. வயசானா அப்படித்தான் என்று இவர்களைக் கடந்துவிட முடியாது. டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு போல சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.

உ.வே.சா. விஷயத்தில் பழசு மட்டும் இல்லை, புதுசும் நடந்தது. 82 வயதில் புது உரை, புது அச்சுப் பிழை திருத்தம். அதே 1937இல் சென்னைக்குக் காந்தி வந்த இலக்கிய மாநாட்டில் வரவேற்புரை. திருவல்லிக்கேணியில் தியாகராஜ விலாசம் என்று பெயர் வைத்த வீட்டில், கி.வா. ஜகந்நாதன் போன்ற இளைஞர்கள் கூடவே இருந்து பாடம் கேட்டார்கள், எழுத உதவினார்கள். சிறுவயதில் ஏறிய கல்வி, வாழ்நாள் முழுக்க நிற்காத மூளை உழைப்பு, சுற்றி மனிதர்கள். இப்படி வாழ்ந்தவர்களின் மூளை, வயதின் சேதத்தைத் தாங்கிக்கொள்ள ஒரு சேமிப்பு வைத்திருக்கும் என்பது இன்றைய நரம்பியல் ஆய்வாளர்கள் பேசும் கருத்து. குன்னத்திலும் செங்கணத்திலும் போட்ட முதல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

1940 ஜனவரியில் ஆனந்த விகடனில் என் சரித்திரம் தொடங்கியது. வாரம் ஓர் அத்தியாயம். சடகோபையங்காரும் சிதம்பரம் பிள்ளையும் கஸ்தூரி ஐயங்காரும் ரெட்டியாரும் அதில் மறுபடி எழுந்து நடந்தார்கள். யார் எந்த நூலைச் சொல்லிக் கொடுத்தார், யார் வீட்டில் தங்கினோம் என்பது வரை வருகிறது. அவர் எழுதாவிட்டால் அந்த நாலு பெயரையும் இன்றைக்கு நமக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், முதியவர்கள் பழசையே பேசுவது பலவீனம் அல்ல, தன் வாழ்க்கையை ஒருமுறை அடுக்கிப் பார்க்கும் வேலை அது என்று எழுதினார். இன்று முதியோர் மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் நினைவுகளைப் பேசவைப்பதும் ஒன்று. அதற்கு 20 வருடம் முன்பே நம்ம தாத்தா அதைச் செய்துகொண்டிருந்தார். ஆனால் அவருக்குக் கேட்க ஒரு தமிழ்நாடே இருந்தது.

அப்பாயிக்கு இப்போது காலையில் ஒன்று, மாலை 3 மணிக்கு ஒன்று, சர்க்கரை அரை ஸ்பூன். சர்க்கரைக்குத்தான் இன்னும் சண்டை. போன வாரம் ஊருக்குப் போனபோது 3 மணி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, சின்ன வயசில் இந்த ஊரில் காபி இருந்ததா அப்பாயி என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினாங்க. காபி ஆறிப்போச்சு.

இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது குண்டு விழும் என்ற பயத்தில் நகரமே காலியான 1942இல், உ.வே.சா.வின் குடும்பம் திருக்கழுக்குன்றத்துக்குப் போனது. அங்கேதான் ஏப்ரல் 28ஆம் தேதி அவர் இறந்தார். 87 வயது. மே மாதம்வரை விகடனில் தொடர் வந்தது. 122 அத்தியாயங்களோடு நின்ற அது 1950இல் புத்தகமானது. கதை 1890களின் கடைசிவரைதான் வந்திருக்கிறது. இன்னும் 40 வருடம் சொல்ல பாக்கி இருந்தது.